பத்து சதவீதத் திறன்: பைனரி புவிவெப்ப மின் நிலையத்தில் வெப்பம் எங்கே நழுவுகிறது?

2025 செப்டம்பரில் இந்திய அரசு தேசிய புவிவெப்ப ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அமெரிக்காவின் நெவாடாவில், சூடான பாறையில் செயற்கையாக விரிசல் உண்டாக்கி, அதனுள் தண்ணீரைச் சுற்றவிட்டு 3.5 மெகாவாட் அளவுக்கு மின்சாரம் எடுக்க முடியும் என்று ஃபெர்வோ எனர்ஜி நிறுவனம் காட்டியது. கூகுள் அதில் கூட்டாளி. இந்தியாவின் வெந்நீர் ஊற்றுகளில் இருக்கும் வெப்பநிலைக்கும், நெவாடா சோதனைக்கும் பொருந்தி வரும் மின் நிலைய வகை ஒன்றுதான். அதன் பெயர் பைனரி.

இந்த வகையைப் பற்றிப் படிப்பவர்கள் ஓரிடத்தில் குழம்புகிறார்கள். இரவும் பகலும் ஓடும், எரிபொருள் செலவு கிடையாது, புகை கிடையாது என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள். திறன், அதாவது வெப்பத்தில் மின்சாரமாக மாறும் பங்கு, வெறும் 10 சதவீதம், நிலக்கரி நிலையமே 35 சதவீதம் தருகிறதே என்று இன்னொரு பக்கம். இரண்டுமே உண்மை. ஆனால் அந்தப் பத்து சதவீதத்தை வைத்து இயந்திரம் மட்டமானது என்று முடிவு கட்டினால், எதைச் சரிசெய்வது என்பதிலும் தவறான இடத்தைத்தான் பார்ப்போம். அடிப்படையில் இருந்து வருவோம்.

பைனரி எப்படி ஓடுகிறது

பூமிக்கடியில் இருந்து 200 டிகிரிக்கு மேல் சூடான நீர் கிடைத்தால், அழுத்தத்தைக் குறைத்தாலே அதில் ஒரு பகுதி நீராவியாகும். அந்த ஆவியை நேராக டர்பைனுக்கு விடலாம். 80 முதல் 170 டிகிரி வரை உள்ள நீரில் அப்படிக் கிடைக்கும் ஆவி குறைவு, அழுத்தமும் போதாது. அங்கேதான் இரண்டாவது திரவம் தேவைப்படுகிறது.

1. கிணற்றில் இருந்து வரும் வெந்நீர் ஒரு வெப்பப் பரிமாற்றிக்குள் போகிறது. குழாயின் மறுபக்கம், குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஒரு திரவம் ஓடுகிறது. இதை வேலைத் திரவம் என்போம். ஐசோபியூட்டேன் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 12 டிகிரியில் கொதிக்கும். ஐசோபென்டேன் 28 டிகிரியில்.
2. வேலைத் திரவம் ஆவியாகி டர்பைனைச் சுழற்றுகிறது.
3. டர்பைனை விட்டு வரும் ஆவி, கண்டென்சரில் குளிர்ந்து மறுபடி திரவமாகிறது.
4. ஒரு பம்ப் அதை அழுத்தி, திரும்பவும் வெப்பப் பரிமாற்றிக்கு அனுப்புகிறது. வெந்நீரோ வெப்பத்தைக் கொடுத்துவிட்டு வேறொரு கிணறு வழியாக நிலத்துக்குள்ளேயே திரும்புகிறது.

வெந்நீரும் வேலைத் திரவமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இரண்டு தனித்தனிச் சுற்று என்பதால்தான் பைனரி. முறை புதிதல்ல. 1967லேயே சோவியத் ரஷ்யாவின் கம்சாட்கா பகுதியில், பரதுன்கா என்ற இடத்தில், சுமார் 81 டிகிரி நீரில் இப்படி மின்சாரம் எடுத்தார்கள்.

இயற்கை வைத்திருக்கும் உச்சவரம்பு

எந்த வெப்ப இயந்திரமும் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில்தான் பிழைக்கிறது. பாடப்புத்தகத்தில் வரும் கார்னோ கணக்குப்படி 150 டிகிரி வெந்நீருக்கும் 30 டிகிரி சுற்றுப்புறத்துக்கும் அதிகபட்சத் திறன் 28 சதவீதம்.

அந்த 28 கூட இங்கே பொருந்தாது. சூடான பக்கத்தின் வெப்பநிலை மாறாமல் நிற்கும் என்று கார்னோ எடுத்துக்கொள்கிறது. வெந்நீர் அப்படி நிற்காது. வெப்பத்தைக் கொடுக்கக் கொடுக்க 150 என்பது 120 ஆகும், 90 ஆகும். இந்தச் சரிவையும் சேர்த்துப் பார்க்க வேறொரு வாய்ப்பாடு இருக்கிறது. இரண்டு வெப்பநிலைகளையும் கெல்வினில் (செல்சியஸோடு 273ஐக் கூட்டி) எழுதி, அவற்றின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 423லிருந்து 303ஐக் கழித்தால் 120. கூட்டினால் 726. வகுத்தால் 16.5 சதவீதம். குறையே இல்லாத இயந்திரம் கிடைத்தால் கூட இவ்வளவுதான். அதில் 10 அல்லது 11 எடுக்கும் நிலையம், எடுக்க முடிந்ததில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிடுகிறது. இதை மட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்தத் திறனைக் கூட்டுவது?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. நிலக்கரி நிலையத்தில் திறன் கூடினால் எரிபொருள் மிச்சம், கதை முடிந்தது. புவிவெப்பத்தில் அப்படி இல்லை, ஏனென்றால் கிணறு தோண்டிய பிறகு வெந்நீர் ஒரு அளவில் வந்துகொண்டே இருக்கும். பயன்படுத்தாத வெப்பம் நிலத்துக்குள் திரும்பிவிடுகிறது. ஆகவே இரண்டு அளவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது சுழற்சித் திறன்: வேலைத் திரவத்துக்குள் போன வெப்பத்தில் எத்தனை சதவீதம் மின்சாரமானது. இரண்டாவது பயன்பாட்டுத் திறன்: கிணற்று வெந்நீரில் இருந்து அதிகபட்சம் எடுக்கக்கூடிய மின்சாரத்தில் எவ்வளவு கிடைத்தது. முதலாவது கூடும்போது இரண்டாவது குறையலாம்!

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். நொடிக்கு 100 கிலோ வெந்நீர், 150 டிகிரியில் வருகிறது.

அமைப்பு அ: வேலைத் திரவத்தை உயர்ந்த வெப்பநிலையில் கொதிக்க வைக்கிறோம். டர்பைனுக்கு நல்ல அழுத்தம் கிடைக்கும், சுழற்சித் திறன் 13 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அவ்வளவு சூடாகக் கொதிக்கும் திரவத்துக்கு, ஓரளவு ஆறிய வெந்நீரால் வெப்பம் கொடுக்க முடியாது. வெந்நீர் 100 டிகிரியிலேயே வெளியேறுகிறது. எடுத்த வெப்பம் 21,000 கிலோவாட். மின்சாரம் 2,730 கிலோவாட்.

அமைப்பு ஆ: கொதிக்கும் வெப்பநிலையைக் குறைக்கிறோம். திறன் 11 சதவீதமாக இறங்குகிறது. ஆனால் வெந்நீரை 70 டிகிரி வரை ஆற்ற முடிகிறது. எடுத்த வெப்பம் 33,600 கிலோவாட். மின்சாரம் 3,696 கிலோவாட்.

திறன் குறைந்த அமைப்பு, அதே கிணற்றில் இருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோவாட் கூடுதலாகத் தருகிறது. ஒரு நிறுவனம் தன் நிலையத்துக்கு 13 சதவீதத் திறன் என்று விளம்பரம் செய்தால், வெந்நீர் எத்தனை டிகிரியில் வெளியே போகிறது என்று கேட்காமல் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

வெந்நீரின் சரிவோடு ஒட்டிப் போவது

சூடாகவும் கொதிக்க வேண்டும், வெந்நீரையும் நன்றாக ஆற்ற வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் என்ன செய்வது? இடைஞ்சல் கொதிநிலையில் இருக்கிறது. ஒரு தூய திரவம் கொதிக்கும்போது அதன் வெப்பநிலை ஒரே இடத்தில் நிற்கும். வெந்நீரின் வெப்பநிலையோ சீராக இறங்கிக்கொண்டே போகும். இரண்டு கோடுகளும் ஓரிடத்தில் நெருங்கி, மற்ற இடங்களில் விலகி நிற்கின்றன. அந்த விலகல்தான் இழப்பு. இதைக் குறைக்க மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன.

1. இரண்டு அழுத்த நிலைகள். ஒரு பகுதித் திரவத்தை உயர்ந்த அழுத்தத்திலும், இன்னொரு பகுதியைக் குறைந்த அழுத்தத்திலும் கொதிக்க வைப்பது. புதிதாக வரும் வெந்நீர் முதலாவதற்கும், ஆறிய நீர் இரண்டாவதற்கும் போகிறது. கருவிகள் இரட்டிப்பாகும். இருந்தும் நம்பகமான வழி என்பதால் பெரிய நிலையங்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம்.

2. மீஉய்ய அழுத்தம். திரவத்தை அதன் உய்யப் புள்ளிக்கு (திரவம், ஆவி என்ற வேறுபாடே மறையும் நிலைக்கு) மேல் அழுத்திச் சூடாக்கினால் கொதித்தல் என்ற தனி நிலையே இல்லாமல் போகிறது. வெப்பநிலை சீராக ஏறுகிறது. பொருத்தம் அழகாக இருக்கும். ஆனால் அவ்வளவு அழுத்தத்துக்கு ஏற்றும் பம்ப், கிடைத்த லாபத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

3. கலவைத் திரவம். அம்மோனியாவையும் தண்ணீரையும் கலந்தால், கலவை கொதிக்கும்போதே வெப்பநிலை ஏறிக்கொண்டு போகும். கலினா சுழற்சி என்று இதற்குப் பெயர். ஐஸ்லாந்தின் ஹூசாவிக் நகரில் 2000ல் சுமார் 2 மெகாவாட் அளவில் ஒன்றை நிறுவினார்கள். காகிதத்தில் அருமையாக இருந்த இந்த முறை நடைமுறையில் அரிப்புப் பிரச்சினைகளில் சிக்கியது. அந்த நிலையம் பின்னர் நின்றுபோனது. கலினா வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று 1990களில் இருந்த நம்பிக்கை இன்று அவ்வளவாக இல்லை.

இன்னொரு கருவி மீள்வெப்பி. பென்டேன் போன்ற திரவங்கள் டர்பைனை விட்டு வரும்போதும் சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டை வீணாக்காமல், பம்பில் இருந்து வரும் குளிர்ந்த திரவத்துக்கு மாற்றுவது இதன் வேலை. சுழற்சித் திறன் நிச்சயம் கூடும். மின்சாரம் கூடுமா? வெந்நீரை எவ்வளவு வேண்டுமானாலும் ஆற்றலாம் என்றால், பெரிதாகக் கூடாது. மீள்வெப்பி கொடுக்கும் வெப்பத்தை வெந்நீரே கொடுத்திருக்கும். ஆனால் ஏதோ ஒரு காரணத்தால் வெந்நீரை 80 டிகிரிக்குக் கீழே ஆற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால், மீள்வெப்பி உண்மையாகவே சம்பாதிக்கும். அப்படி ஒரு கட்டுப்பாடு பல இடங்களில் இருக்கிறது. சிலிக்கா பற்றிப் பேசும்போது வருகிறேன்.

குளிர்ந்த பக்கம்தான் பெரிய களம்

பத்து சதவீதத் திறன் என்றால் ஒரு மெகாவாட் மின்சாரத்துக்கு 9 மெகாவாட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். 35 சதவீத நிலக்கரி நிலையம் 2 மெகாவாட்டுக்கும் குறைவாகவே தள்ளுகிறது. பைனரி நிலையங்களின் படங்களைப் பார்த்தால், மைதானம் போலப் பரந்து கிடக்கும் விசிறி வரிசைகளுக்கு நடுவே டர்பைனைத் தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

குளிர்ந்த பக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அலாஸ்காவின் சேனா வெந்நீர் ஊற்றை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. ஃபேர்பேங்க்ஸ் நகரத்தில் இருந்து நூறு கிலோமீட்டர் அளவு தூரத்தில், மின் கம்பி எட்டாத இடத்தில் உள்ள ஓய்வு விடுதி அது. டீசல் ஜெனரேட்டரை நம்பி இருந்தார்கள். அங்குள்ள ஊற்று நீரின் வெப்பநிலை சுமார் 74 டிகிரி மட்டுமே. இதில் மின்சாரம் எடுப்பது லாபமில்லை என்பதே அன்றைய பொதுக் கருத்து. 2006ல் யுனைடெட் டெக்னாலஜிஸ் நிறுவனம் ஆர்-134ஏ என்ற குளிரூட்டியை வேலைத் திரவமாகக் கொண்டு ஒரு இயந்திரத்தை ஓட்டிக் காட்டியது. அதன் டர்பைன் அடிப்படையில் பெரிய ஏசி இயந்திரங்களின் கம்ப்ரஸரைத் தலைகீழாக ஓட்டுவதுதான். ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் தயாரிக்கப்படும் பாகம் என்பதால் விலை அடங்கியது.

எண்களைப் பார்ப்போம். வெந்நீர் நொடிக்கு 33 லிட்டர். அது 73லிருந்து 54 டிகிரிக்கு ஆறும்போது கொடுக்கும் வெப்பம் சுமார் 2,580 கிலோவாட். டர்பைன் தரும் மொத்த மின்சாரம் 250, பம்புகளுக்குப் போக மிஞ்சுவது 210 கிலோவாட். திறன் 8 சதவீதத்துக்குச் சற்று மேல். 74 டிகிரியில் இது எப்படிச் சாத்தியமாயிற்று? கண்டென்சரைக் குளிர்விக்க 4 டிகிரி தண்ணீர் கிடைத்தது. நொடிக்கு சுமார் 100 லிட்டர், அதாவது வெந்நீரைப் போல மூன்று மடங்கு! குளிர்ந்த நீரில்தான் அந்தத் திட்டம் நின்றது.

இதையே திருப்பிப் போட்டால் வெயில் காலத்துச் சிக்கல் புரியும். 100 டிகிரி வெந்நீரை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுப்புறம் 10 டிகிரியாக இருந்தால், மேலே சொன்ன வாய்ப்பாட்டின்படி உச்சவரம்பு 13.7 சதவீதம். 40 டிகிரி வெயிலில் அதுவே 8.7. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. காற்றால் குளிரும் நிலையங்களில் கோடை மதிய உற்பத்தி, குளிர்கால இரவு உற்பத்தியை விட வெகுவாகக் குறையும். மக்கள் ஏசி போடும் அதே நேரத்தில் என்பதுதான் கொடுமை.

இதற்கு என்ன செய்கிறார்கள்?

1. தண்ணீரால் குளிர்விப்பது. கூலிங் டவர் வைத்தால் கண்டென்சர் வெப்பநிலை நன்றாக இறங்கும். ஆனால் நிறையத் தண்ணீர் ஆவியாகிப் போகும். நெவாடா போன்ற வறண்ட நிலத்தில் அதற்கு வழியில்லை.

2. வெயில் நேரத்தில் மட்டும் தண்ணீர். விசிறிக்குள் போகும் காற்றில் நீரைத் தெளித்தோ, ஈரமான அட்டைகள் வழியாகக் காற்றை இழுத்தோ சில டிகிரி குறைப்பது. கலிஃபோர்னியாவின் மாமத் நிலையத்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஆண்டு முழுதும் அல்லாமல் சூடான சில மணி நேரங்களுக்கு மட்டும் என்பதால் தண்ணீர்ச் செலவு அடங்கும்.

3. சோலாரைச் சேர்ப்பது. நெவாடாவின் ஸ்டில்வாட்டரில் 33 மெகாவாட் பைனரி நிலையத்தோடு 2012ல் 26 மெகாவாட் சோலார் பலகைகளைச் சேர்த்தது எனெல் நிறுவனம். பைனரி சோர்ந்து போகும் மதிய நேரத்தில் பலகைகள் உச்சத்தில் இருக்கும். பிறகு வளைந்த கண்ணாடிகளால் சூரிய வெப்பத்தைக் குவித்து, உள்ளே வரும் வெந்நீரை மேலும் சூடாக்கும் பகுதியும் சேர்ந்தது. பைனரியின் கோடைச் சரிவைத் தடுக்க முடியாவிட்டால் அதன் மேல் வேறொன்றை வைத்து நிரப்பு என்பதே யோசனை. எனக்கு இதுதான் விவேகமான வழியாகப் படுகிறது, அதுவும் சோலார் பலகை இவ்வளவு விலை இறங்கிய பிறகு.

நிலையம் தனக்கே செலவழிக்கும் மின்சாரம்

நம் அமைப்பு ஆ 3,696 கிலோவாட் தந்தது. அது டர்பைன் தரும் மொத்தம். கம்பிக்கு எவ்வளவு போகும்?

30 மெகாவாட் வெப்பத்தைக் காற்றில் கரைக்க வேண்டும். காற்று 12 டிகிரி சூடேறலாம் என்று வைத்தால் நொடிக்கு ஏறக்குறைய 2,500 கிலோ காற்றை விசிறிகள் நகர்த்த வேண்டும். அதற்கு 400 கிலோவாட்டுக்கு மேல் போகும். கிணற்றில் இருந்து 200 மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றும் பம்புக்கு சுமார் 280. வேலைத் திரவத்தை அழுத்தும் பம்புக்கு இன்னொரு 200. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது 2,800 கிலோவாட் அளவில். உற்பத்தியில் கால் பங்கு வீட்டுச் செலவுக்கே போய்விட்டது.

ஆகவே பழைய நிலையத்தை மேம்படுத்த வருபவர்கள் முதலில் பார்ப்பது இந்தக் கால் பங்கைத்தான். விசிறிகளின் வேகத்தை மாற்றும் டிரைவ் பொருத்தினால், குளிர்ந்த இரவில் விசிறியை மெதுவாக ஓட்டலாம். விசிறியின் மின்செலவு வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும்: வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்செலவு ஏறக்குறையப் பாதியாகும். இத்தனைக்கும் டர்பைனைத் தொடவே வேண்டாம். டர்பைனில் ஏற்கெனவே 80, 85 சதவீதத் திறன் வந்துவிட்டது. அதைப் பாடுபட்டு 90க்கு ஏற்றினாலும் கூடுதலாகக் கிடைப்பது 6 முதல் 12 சதவீதம் அளவுதான்.

ஃபெர்வோ போன்ற செயற்கை விரிசல் திட்டங்களில் தண்ணீரைப் பாறைக்குள் தள்ளும் பம்பின் செலவும் இதில் சேரும். அதனால் அந்தச் செய்திகளில் வரும் மெகாவாட், மொத்தமா, சொந்தச் செலவு போக மிஞ்சும் நிகரமா என்று பார்ப்பது அவசியம்.

சிலிக்கா என்ற கட்டுப்பாடு

வெந்நீர் பாறையில் இருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சூடாக இருக்கும் வரை கரைந்தே இருக்கும். ஆறினால் கண்ணாடி போன்ற படிவமாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீரை 70 வரை ஆற்றலாம் என்று நாம் கணக்கு போட்டோம். சிலிக்கா 90லேயே நில் என்று சொன்னால் நின்றுதான் ஆக வேண்டும். நீரில் சிறிது அமிலம் சேர்த்தால் படிவதைத் தாமதப்படுத்தலாம், ஆனால் குழாய் அரிக்காமல் இருக்கும் அளவில். கால்சியம் கார்பனேட் படிவது வேறு கதை. அழுத்தம் குறைந்து கரியமில வாயு வெளியேறும்போது அது படியும். கிணற்றுப் பம்பால் அழுத்தத்தைத் தக்கவைத்தால் பெரும்பாலும் தப்பலாம். மின்சாரம் செலவானாலும் அந்தப் பம்பை நிறுத்தாமல் ஓட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நியூசிலாந்தின் வைராக்கேயில் 2005ல் சேர்த்த பைனரி பிரிவு, ஆவி பிரித்த பிறகு மிஞ்சும் சுமார் 130 டிகிரி நீரில் இருந்து கூடுதலாக 14 மெகாவாட் அளவு எடுக்கிறது. புதுக் கிணறு தோண்டவில்லை. இப்படி ஆவி நிலையத்தின் வாலில் பைனரியை மாட்டுவதுதான் மலிவான மேம்பாடு என்பார்கள். அங்கேயும் எவ்வளவு ஆற்றலாம் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது நீரின் வேதியியல்தான்.

லடாக்கில் இது எப்படி ஓடும்?

இந்தியாவில் தெலங்கானாவின் மனுகூருவில் சிங்கரேணி நிலக்கரி நிறுவனம் 20 கிலோவாட் பைனரி முன்னோட்ட நிலையம் ஒன்றை அமைத்தது. பெரிய எதிர்பார்ப்பு லடாக்கின் புகா பள்ளத்தாக்கில். அங்கே முதலில் ஒரு மெகாவாட் அமைக்க 2021ல் ஓஎன்ஜிசி ஒப்பந்தம் செய்துகொண்டது.

புகா சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் அபாரம், சேனாவைப் போலவே குளிர்ந்த பக்கம் சாதகம். ஆனால் அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம் அளவுதான். அதே அளவு வெப்பத்தை எடுத்துச் செல்ல கன அளவில் ஒன்றரை மடங்குக்கும் மேல் காற்றை நகர்த்த வேண்டும். அதனால் சமவெளிக்கு வடிவமைத்த கண்டென்சரை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வைக்க முடியாது. பரப்பு கூட வேண்டும், விசிறி அகலமாக வேண்டும். அத்தனையையும் மலைப்பாதையில் லாரியில் ஏற்ற வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பைனரியை விட்டு வெளியேறும் 70 டிகிரி நீர் மின்சாரத்துக்குப் பெரிதாகப் பயன்படாது, ஆனால் மைனஸ் இருபதில் உறையும் ஊரில் வீடுகளையும் பசுமைக் குடில்களையும் சூடாக்க அது தாராளம். சேனாவில் குளிர்காலத்திலும் கீரை விளையும் குடில் இப்படித்தான் சூடேறுகிறது. மின்சாரமாக மாற்றினால் பத்தில் ஒன்று கிடைக்கும் வெப்பம், நேராகக் கொடுத்தால் கிட்டத்தட்ட முழுதாகவே போய்ச் சேரும். புகாவுக்கான திட்ட அறிக்கையில் மெகாவாட் எண்ணுக்குப் பக்கத்தில் வெளியேறும் நீரின் வெப்பநிலையும், அது அடுத்து எந்தக் குழாய்க்குள் போகும் என்பதும் எழுதப்பட வேண்டும்.